மூன்று முறை அரித்த பனி

என் வாழ்நாளில் நான் ஒரேயொரு தடவைதான் முதற்பரிசு வாங்கியிருக்கிறேன். படிப்புக்கு அல்ல, ஓட்டத்துக்கும் அல்ல. பனிக்கு. வெயிலுக்கும் கழுதைகளுக்கும் குறைவில்லாத மன்னார்த் தீவில், பாலன் பிறக்கும் ஒரு நத்தார்க் காலத்துப் பின்னேரம், எங்கள் வீட்டு விறாந்தையில் பனி பெய்தது. அதைப் பெய்ய வைத்தவர் என் சித்தி, அம்மாவின் தங்கை.

இந்தக் கதையை இருபது வருடங்களாக நான் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிவந்தேன். நான் வேலை செய்யும் கந்தோரில் நத்தார் விருந்து வைத்தால், கேக் வெட்டி முடிந்ததும் யாராவது என்னைத் தூண்டிவிடுவார்கள். நானும் எழுந்து நின்று, சித்தியைப் போலக் கண்ணைச் சிமிட்டி, பங்குச் சுவாமியைப் போல வயிற்றைப் பிடித்துச் சிரித்து, முழுவதையும் நடித்துக் காட்டுவேன். போன நத்தாருக்குக் கேட்டபோது தலையிடி என்று சொல்லி இருந்துவிட்டேன்.

காரணம் சித்தியின் நெஞ்சு. முதலில் படியேறினால்தான் மூச்சு வாங்கியது. பிறகு தண்ணீர் வாளி தூக்கினால் வாங்கியது. இப்போது கட்டிலில் இருந்து குசினிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். அலுமாரியைப் பிடித்துக்கொண்டு ஒருதரம், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒருதரம். வலது பக்கத்து நெஞ்சுக்குள் நீர் கட்டுகிறது. ஊசியால் எடுத்துவிட்டார்கள், மறுபடி கட்டியது. மறுபடி எடுத்தார்கள். மூன்றாம் தடவை பெரிய படமெல்லாம் எடுத்துப் பார்த்த பெண் டொக்டர், படத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த சித்தியிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“அம்மா, நீங்கள் எப்பவாவது சீற் வேலை செய்தனீங்களோ? கூரைக்குப் போடுற அஸ்பெஸ்டஸ் சீற்?”

சித்திக்குச் சிரிப்பு வந்தது. “நான் கோயிலையும் குசினியையும் தவிர வேற ஒண்டும் கண்டதில்லை, டொக்டர்.”

“வீட்டில வேற ஆராவது?”

“இவவின்ர தமையன், என்ர மாமா செய்தவர்” என்றேன் நான் முந்திக்கொண்டு. “கனகாலம் செய்தவர். அவர் போயிட்டார்.”

டொக்டர் எதையோ எழுதினார். நான் அதோடு வாயை மூடிக்கொண்டேன். தமையன் கதை பாதிக் கதைதான். மிச்சக் கதை என்னுடையது. கந்தோரில் அத்தனை பேருக்கு முன்னால் கைகாலை ஆட்டிச் சொன்ன கதையை, அதைக் கட்டாயம் சொல்லவேண்டிய ஒரே இடத்தில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நாங்கள் இந்தியாவில் முகாமில் இருந்து திரும்பி வந்தது சமாதான காலத்தில். எனக்கு ஒன்பது வயது. நான் முகாமிலேயே பிறந்தவள். அம்மா ‘ஊருக்குப் போறம்’ என்று சொல்லி அழுதபோது, நாங்கள் இருக்கிற இடம் ஊர் இல்லையா என்று யோசித்தது நினைவிருக்கிறது. வந்து இறங்கிய இடம் தலைமன்னார் வீதியோரத்தில், பேசாலைக்கு இந்தப் பக்கம், பெயரைச் சொன்னால் மன்னார் ரவுனிலேயே பாதிப்பேருக்குத் தெரியாத ஒரு குடியிருப்பு. அப்பாவுக்குக் கடல் இருந்தது. அம்மாவுக்குக் கோயில் இருந்தது. எனக்கு மணல் இருந்தது.

வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கும் வீடு கிடைத்தது. கல் சுவர், சீமெந்து நிலம், மேலே சீற். ஓலைக்கும் தார்ப்பாய்க்கும் கீழே பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறக் கூரை என்னவாகத் தெரிந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் விளங்குகிறது. முதல் மழை பெய்தபோது அம்மா வீட்டுக்குள் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. ஒழுகவில்லை என்ற சந்தோசத்தில் அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது.

மாமா, அதாவது சித்திக்கும் அம்மாவுக்கும் மூத்தவர், இந்தியாவில் கட்டட வேலைக்குப் போய்க் கூரை போடப் பழகியிருந்தார். அவர் திரும்பி வந்த நேரம் கரை முழுவதும் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. தீவுக்குள் தாராபுரத்தில் இருந்து தலைமன்னார் வரைக்கும் அவரைத் தேடி ஆள் வந்தது. ஒருமுறை இலுப்பைக்கடவைக்குப் போய் ஒரு கிழமை நின்று கூரை போட்டுவிட்டு வந்தார். எங்கள் வளவில் நின்ற பூவரச மரம்தான் அவருடைய வேலைத்தலம். சீற்றுகளை அங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். அவர் அளந்து, வாளால் அறுத்து, லான்ட்மாஸ்ரர் வண்டியில் ஏற்றி அனுப்புவார்.

அறுக்கும்போது தூள் பறக்கும். கொஞ்ச நேரத்தில் மாமாவின் மயிர், புருவம், மீசை எல்லாம் நரைத்துவிடும். “மருமகளே, கிழவனுக்கு ஒரு தேத்தண்ணி கொண்டா” என்று குரலை நடுங்க வைத்துக் கூப்பிடுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். வேலை முடிந்ததும் அவருடைய சேட்டு, சாரம் இரண்டையும் சித்தி வாங்கி, பூவரச மரத்தில் நாலு அடி அடித்து, தூள் போக உதறிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவார். உதறாமல் தோய்த்தால் தண்ணீர் கலங்கிப் பிறகு மூன்று வாளி செலவாகும் என்பது அவருடைய கணக்கு. எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் சித்திக்குச் சோறு இறங்காது.

ஒருநாளும் அந்தத் தூளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பயந்து பேசியதில்லை. நாங்கள் பயந்தவை வேறு. கடற்படைக்குப் பயந்தோம், வாடைக் காற்றுக்குப் பயந்தோம், சமாதானம் முறிந்துவிடுமோ என்று பயந்தோம். வீட்டுக் கூரைக்கு யார் பயப்படுவார்கள்?

தூள் எனக்கு மட்டும் ஆகாது என்றார்கள். எனக்கு அப்போது முட்டு, மூச்சிழுக்கிற வருத்தம், இருந்தது. புகை பட்டால் இழுக்கும், குளிர் பட்டால் இழுக்கும், ஓடினால் இழுக்கும், அழுதால் நிச்சயம் இழுக்கும். இழுக்கத் தொடங்கினால் சித்தி என்னைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவி, “மெல்ல விடு பிள்ளை, மெல்ல விடு” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டு தரம் ஆசுபத்திரியில் வைத்திருந்தார்கள். அதனால் வீட்டில் எல்லாவற்றுக்கும் முட்டுத்தான் காரணம். கடலில் குளிக்கக் கூடாது, முட்டு. ஐஸ்பழம் கூடாது, முட்டு. பூவரச மரத்தடிக்குப் போகக் கூடாது, முட்டு. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

பள்ளிக்கூடத்தில் வேறொரு பிரச்சினை. நான் வாய் திறந்தால் முகாம் தமிழ் வந்தது. ‘வாங்கோ’ என்ற இடத்தில் ‘வாங்க’ என்றேன். ‘ஓம்’ என்ற இடத்தில் ‘ஆமா’ என்றேன். இந்தியாக்காரி என்று பெயர் வைத்தார்கள். போர் முழுக்க ஊரிலேயே நின்றவர்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது, எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. இந்த நிலையில்தான் பங்குச் சுவாமி பூசையில் அறிவித்தார்: இந்த நத்தாருக்கு வீட்டுக்கு வீடு பாலன் குடில் போட்டி. நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் தானும் கோயில் மூப்பரும் வந்து பார்ப்பார்கள், முதற்பரிசு ஒரு சுவர் மணிக்கூடு. வெல்ல வேண்டும் என்று அந்தக் கணமே முடிவெடுத்தேன். வென்றால் இந்தியாக்காரி என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததென்று கேட்காதீர்கள், ஒன்பது வயதில் அது எங்கிருந்தும் வரும்.

கனடாவில் இருந்த பெரியம்மா ஒரு வாழ்த்து மட்டை அனுப்பியிருந்தார். குடில் முழுவதும் பனி மூடிய படம். மரத்தில் பனி, கூரையில் பனி, ஆட்டின் முதுகில் பனி. எங்கள் தீவில் குடிலுக்கு வைக்கோல் கிடைக்கும், கழுதை கேட்காமலே வரும், பனிக்கு எங்கே போவது?

முதலில் உப்பைத் தூவிப் பார்த்தோம். மார்கழி ஈரத்தில் விடிவதற்குள் கசிந்து, பாலன் படுக்கவேண்டிய இடம் குளமாகியிருந்தது. பிறகு கோதுமை மா. எறும்பு படையெடுத்தது, அம்மா அகப்பையோடு வந்தார். பஞ்சு எல்லா வீட்டுக் குடிலிலும் இருந்தது. எனக்கு எல்லா வீட்டுக் குடிலும் வேண்டாம். அப்போதுதான் ஒரு காலை மாமா அறுத்துக் குவித்துவிட்டுப் போன தூளைப் பார்த்தேன். பூவரச இலைகளின் மேல், கிணற்றுக் கட்டின் மேல், கோழிக்கூட்டின் மேல் எல்லாம் மெல்லிசாகப் படிந்து கிடந்தது. அச்சு அசல் மட்டையில் கண்டது போல.

“சித்தி, இது பனி!” என்று கத்தினேன்.

சித்தி கொஞ்சத்தை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஈரம் பட்டாலும் கரையாது. எறும்பு கிட்டவும் வராது. குடிலில் மெழுகுதிரி சரிந்தாலும் பற்றாது. ஒரு குறைதான், நிறம் கொஞ்சம் மங்கல். “அரிச்சுப் பாப்பம்” என்றார்.

அவர் அதைச் செய்த விதத்தை நான் இன்றைக்கும் படம் பார்ப்பது போலப் பார்க்கிறேன். முதலில் மண் அரிக்கும் அரிதட்டால் ஒருதரம், கட்டி போக. பிறகு இடியப்ப மா அரிக்கும் அரிதட்டால் ஒருதரம், பரல் போக. பிறகு ஒரு பழைய நூல் சேலைத் துண்டைச் சருவத்தின் வாயில் கட்டி மூன்றாம் தரம். அதிலிருந்து இறங்கியது தூள் என்றே சொல்ல முடியாது. கையில் எடுத்தால் பாரமில்லை. ஊதினால் கீழே விழாமல் அப்படியே நின்றது. கால்களை நீட்டி இருந்துகொண்டு, சேலைத் துணியின் மேல் முகத்தைக் கவிழ்த்து, கட்டிகளை வாயால் ஊதி ஊதி ஒதுக்கினார். வேலை முடிய அம்மா அந்த அரிதட்டைக் கழுவி, நத்தார்ப் பலகாரத்துக்கு மா அரித்தார்.

எனக்குக் கிட்டவே இடமில்லை. “அங்கால போ. வாசல் பக்கம் நில். உனக்கு முட்டு வரும்.”

“இது என்ர பனி” என்றேன்.

“ஓம், உன்ர பனிதான். அங்கால நிண்டு பார்.”

களவாகப் பின்னால் போய் நின்றபோது கண்டுபிடித்துவிட்டார். எழுந்து வந்து, துவாயை நனைத்து என் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். ‘உங்களுக்கு?’ என்று நான் துவாய்க்குள்ளால் கேட்டேன். “எனக்கென்ன, நான் மாடு மாதிரி” என்றார். என்னைத் தூக்கிக் கொண்டுபோய் வாசலில் விட்டார். ஒரு கிழமை முழுக்க இதே கதை. யோசனை என்னுடையது, வேலை அவருடையது, ஊரார் வந்து பார்த்து மெச்சுவதும் அவரைத்தான். முட்டு என்பதெல்லாம் சாட்டு என்று நான் முடிவுகட்டினேன்.

பனி கிடந்தால் போதாது, விழவும் வேண்டும் என்று சொன்னவளும் நான்தான். விறாந்தை மூலையில் குடில். அதற்குப் பின்னால் மறைப்பாக ஒரு நீலச் சேலை. கூரைத் தீராந்தியில் இருந்து நாலு கயிற்றில், குடிலுக்கு நேர் மேலே, அரிதட்டுத் தொங்கியது. அரிதட்டின் ஓரத்தில் தங்கூசி கட்டிச் சேலைக்குப் பின்னால் விட்டிருந்தது. அப்பா வலை பின்னும் அதே தங்கூசி நைலோன் நூல்தான். தூரத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. அதை மெல்ல மெல்ல இழுத்துவிட்டால் அரிதட்டு ஆடும், பனி பெய்யும். தங்கூசியைப் பிடிப்பது நான் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் சித்தி சொன்னார்:

“நீ சுவாமிக்கு முன்னால நிண்டு ஸ்தோத்திரம் சொல்லு, பிள்ளை. பின்னுக்கு நான் நிக்கிறன். அங்க முழுக்கத் தூசு.”

நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். நான் அப்படித் தலையாட்டுவதுதான் ஆபத்து, அது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மழை விட்ட பின்னேரம். சுவாமியும் மூப்பரும் ஒழுங்கைக்குள் வரும்போதே பின்னால் ஒரு ஊர்வலம் திரண்டிருந்தது, என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அதில். சித்தி சேலைக்குப் பின்னால் முக்காலியில் ஏறி, சேலைக்கு மேலால் எட்டி அரிதட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். மூன்று முறை அரித்த முழுப் பனியும் ஒரு பெரிய சருவத்தில் அவருடைய இடுப்பில் இருந்தது. நான் முன்னால் நிற்கவேண்டியவள், பக்கத்தால் நழுவிப் பின்னுக்குப் போனேன். தங்கூசி என் கைக்கு எட்டியது. சித்தியின் முகம் அரிதட்டுக்கு நேர் கீழே இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இழுத்தேன். மெல்ல அல்ல, இரண்டு கையாலும், என் முழுப் பலத்தோடு.

அரிதட்டு ஒருபக்கம் கவிழ்ந்தது. முக்காலி ஆடியது. சித்தி தடுமாறிச் சேலையைப் பிடிக்க, சேலை அறுந்து விழ, இடுப்பில் இருந்த சருவமும் தலைகீழாகியது. விறாந்தை முழுவதும் வெள்ளையாக ஒரு புகை எழும்பி, மெல்ல மெல்ல இறங்கியது. அதற்கு நடுவில் சித்தி நின்றார். தலை, கண்மடல், மூக்கு, உதடு, கழுத்து, சட்டை எல்லாம் வெள்ளை. கண் இரண்டு மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. நான் செய்ததைப் பார்த்து எனக்கே பயம் பிடித்து, கீழுதடு பிதுங்கத் தொடங்கியது.

அந்த நேரம் சித்தி வாயைத் திறந்து சிரித்தார். சாதாரணச் சிரிப்பல்ல, வளவு முழுக்கக் கேட்கிற சிரிப்பு. நடுவில் இருமினார், இருமிவிட்டு மறுபடி சிரித்தார். அதோடு சனம் முழுக்கச் சிரித்தது. சுவாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். “மன்னாரில பனி மனுசி!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “ரோமாபுரியிலயும் இப்பிடிக் குடில் கண்டிருக்கமாட்டினம்.”

அம்மா பதறி ஓடிவந்து, “என்னடி நடந்தது?” என்று சித்தியிடம் கேட்டார்.

“ஒண்டுமில்லை அக்கா. என்ர கை தவறிட்டுது.”

முதற்பரிசு எங்களுக்கு. மணிக்கூட்டை என் கையில் தந்தார்கள், எனக்குக் கைதட்டினார்கள். அதற்குப் பிறகும் பள்ளிக்கூடத்தில் என்னை இந்தியாக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள், கொஞ்சம் மரியாதையோடு. சித்தி கொட்டிய பனி முழுவதையும் விளக்குமாற்றால் கூட்டி அள்ளி, மறுபடி அரித்து, பால்மா ரின்னில் அடைத்து வைத்தார், அடுத்த வருடத்துக்கு. ஊரில் கேட்டவர்களுக்கும் கைநிறையக் கொடுத்தார். நாலு நத்தாருக்கு எங்கள் வீட்டில் அதே பனி பெய்தது. அந்த முதல் நத்தாருக்குப் பிறகு ஒரு கிழமை அவருக்கு இருமல் நிற்கவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தார், நின்றது. அடுத்த சனிக்கிழமை நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், கோபத்தில் ஒருவருக்கு எதிராகப் பிழைவிட்டேன் என்று சொன்னேன். மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ தந்தார்கள். முழந்தாளில் நின்று சொல்லி முடித்து, கணக்குத் தீர்ந்துவிட்டது என்று ஓடிவந்தேன்.

மாமா பின்னாளில் கிரைண்டர் மெஷின் வாங்கினார். வேலை கெதியாக முடிந்தது, தூளும் நாலு மடங்கானது. நாலைந்து வருடத்துக்கு முன்னால் அவர் நெஞ்சு வருத்தத்தில் செத்தபோது பீடிதான் தின்றது என்றார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார். சித்தி பீடியைக் கையாலும் தொட்டதில்லை என்பதால்தான் இப்போது டொக்டருக்குக் கேள்வி வந்திருக்கிறது.

அடுத்த தடவை நான் டொக்டரிடம் தனியாகப் போனேன். சேட்டு உதறியது, அரித்தது, ஊதியது, கூட்டியது, நாலு நத்தார், எல்லாம் சொன்னேன். தங்கூசியையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“சீற் தூசால வாற இந்தப் புற்றுநோய் தூசு போன உடன வாறதில்லை” என்றார். “இருபது, முப்பது வருசம் சத்தமில்லாமல் கிடக்கும். எந்த நாளில போன தூசு எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. சேட்டு உதறின தூசாயும் இருக்கலாம். உங்கட தங்கூசியாயும் இருக்கலாம்.”

“சுகமாகுமோ?”

அவர் மேசையில் இருந்த பேனையை எடுத்து மூடியைப் போட்டார். “நோவைக் குறைக்கலாம். மூச்சை லேசாக்கலாம். நீரை எடுத்துவிடலாம். கூட இருங்கோ.”

கூரையில் பேசாமல் கிடக்கிற சீற் ஒன்றும் செய்யாது என்றும், அறுத்தால், உடைத்தால், காய்ந்த தூளைக் கூட்டினால்தான் வினை என்றும் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது எங்கள் அடுத்த ஒழுங்கையில் இரண்டு பொடியன்கள் கிரைண்டரால் சீற் அறுத்துக்கொண்டு நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் அந்தப் புகைக்குள்ளால் ஓடி விளையாடின. நான் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கத்தினேன். தண்ணி ஊத்தி அறுங்கோ, வாயைக் கட்டுங்கோ, பிள்ளையளைக் கலையுங்கோ என்றெல்லாம் கத்தினேன். அவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். “உங்கட வீடும் சீற்தானே அக்கா” என்றான் ஒருவன், மரியாதையாகத்தான்.

சித்தியிடம் சொல்ல எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இப்போது பகலெல்லாம் விறாந்தைக் கதிரையில் தலையணை வைத்துச் சாய்ந்திருக்கிறார். ஒரு ஞாயிறு, பூசைக்குப் போகாமல் அவரோடு இருந்த காலை, அவருடைய காலடியில் இருந்து சொன்னேன்.

“சித்தி, அந்த நத்தாருக்கு உங்கட கை தவறேல்லை. நான்தான் இழுத்தனான். வேணுமெண்டு இழுத்தனான்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒழுங்கையில் நின்ற கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது எனக்கு அண்டைக்கே தெரியும்” என்றார். ஒரு வசனத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இப்போது அவர் நிற்கவேண்டும். நின்றார். “தங்கூசி உன்ர கையில கிடந்தது. கண்டனான்.”

“பிறகேன் சிரிச்சனீங்கள்? என்னை அடிச்சிருக்கலாமே.”

“நீ அழ வெளிக்கிட்டாய்.” மூச்சு. “அழுதா உனக்கு இழுக்கும். நத்தாரும் அதுவுமா உன்னைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடுறதே?” மறுபடி மூச்சு. “நான் சிரிச்சா நீயும் சிரிப்பாய் எண்டு தெரியும். அதுதான் கெதியாச் சிரிச்சனான்.”

அந்தக் கதையை எத்தனை தடவை நடித்துக் காட்டியிருக்கிறேன். சித்தியின் சிரிப்பை அப்படியே செய்வேன். முதலில் வாயை அகலத் திறந்து, நெஞ்சு நிறைய மூச்சை உள்ளே இழுக்கவேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு சத்தம் வராது. உதட்டிலும் நாக்கிலும் மூக்கிலும் தூள் அப்பியிருக்க, சுற்றிவர இன்னும் இறங்கி முடியாத புகைக்குள் நின்று, அவர் அப்படித்தான் இழுத்தார். அது எனக்காக இழுத்த மூச்சு. அன்றைக்கு எனக்கு முட்டு வரவில்லை. ஆனால் சித்தி நினைத்தது போல நான் சிரிக்கவும் இல்லை. சனம் அவரைச் சுற்றி நின்று சிரிக்கச் சிரிக்க, என்னுடைய பனியிலும் இவருக்குத்தானே பேர் என்று எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.